பழைய ஜீப்பு வாங்குவோர் கவனத்திற்கு

கட்டுமாவடிப் பகுதியைச் சேர்ந்த நம் அங்கத்தினர் மூவர், கூட்டாக ஒரு பழைய ஜீப்பு வாங்க எண்ணியிருப்பதாகவும், அதற்கு முன் இப்பத்திரிகையில் அதைப்பற்றி விவரமாக எழுத வேண்டுமென்றும் கேட்டிருக்கின்றனர். மூவரில் இருவர் தென்னந்தோப்பு உடையவர்கள். மூன்றாமவர் தறியும் சிறிதளவு நிலமும் உடையவர். தம் பங்குத் தொகைக்காக வீட்டு நகையை அடகு வைக்கப்போவதாக அவர் எழுதியுள்ளார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்த பிறகு, 'நன்றாகப் பார்த்து வாங்குங்கள்' என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை. இதே தேவையுடைய வேறு அங்கத்தினர்களும் இருக்கக்கூடுமாதலின் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அவ்விடத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை வடக்கே கட்டுமாவடியில்தான் தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர் வழியே செல்கின்றது. அச்சாலைமீது எந்த வண்டியும் ஓடும். சாலையை விட்டு இறங்கினால்தான் வேறுபாடு தெரியும். கடலோரத் தோப்புகளில் கால் புதையும் மணல். மேற்கே கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்களில் களிமண். பாக் விரிகுடாவில் அலை அதிகமில்லாமையால் கரையே பல இடங்களில் சேறாகவும் உவர்நிலமாகவும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோப்புப் பாதைகள் வாய்க்கால்களாகிவிடுகின்றன. ஆக, மணல், களி, உப்பு ஆகிய மூன்று பகைவர்களையும் ஒரே வண்டி சமாளிக்க வேண்டும். மலைப்பாதைக்கு வண்டி தேடுவோருக்குச் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே செல்லாது.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, பேராவூரணி, அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கங்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்ததை நம்மில் மறந்தவர் இலர். அந்நாட்களில் தோப்புக்குள் போய்வரக்கூடிய வண்டி ஒன்று இருந்திருந்தால் என்ற எண்ணமே இம்மூவரையும் ஜீப்பை நோக்கித் திருப்பியதாகக் கடிதத்தில் கண்டிருக்கிறது. நியாயமான எண்ணமே. ஆயினும் புயலை நினைத்து வாங்கும் வண்டிக்கு, புயலில்லாத நாட்களிலும் தீனி போட வேண்டுமென்பதையும் நினைக்க வேண்டும்.

ஆகவே முதற்கேள்வி: நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? ஓர் ஆண்டில் எத்தனை நாள், எந்தப் பாதையில், எவ்வளவு சுமையோடு போக வேண்டும் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நாள் இருபதுக்குள் அடங்குமாயின், அந்த நாட்களுக்கு டிராக்டரை வாடகைக்கு அமர்த்துவதே இலாபம். சுமை ஏற்றுவதிலும் சேற்றில் இழுப்பதிலும் டிராக்டருக்கு எந்த ஜீப்பும் ஈடாகாது. வருடமெல்லாம் தார்ச்சாலையில் தேங்காயும் நூல்கட்டும் ஏற்ற வேண்டுமென்றால் சிறிய சுமைவண்டியே போதும். அன்றாடம் ஆட்களும் சிறு சுமையும் தோப்புக்கும் சாலைக்கும் போய்வர வேண்டும், மழைக்காலத்தில் நோயாளியை ஏற்றி அறந்தாங்கிக்குக் கொண்டுபோகவும் வேண்டும், டிராக்டர் அதற்கு ஏற்றதன்று என்னும் நிலையிலேயே ஜீப்புக்கு இடமுண்டு. நம் மூவருடைய நிலை இதுதான் என்று தெரிவதால் மேலே எழுதுகிறோம்.

ஜீப்பு என்பது போர்க்களத்தில் பிறந்த வண்டி. 1941 முதல் அமெரிக்க இராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்கலாயிற்று. 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் வட்டார வளர்ச்சி அதிகாரிகளுக்கு ஜீப்பு வந்தது. நம் கிராமங்களில் பலர் முதன்முதல் கண்ட மோட்டார் வண்டி அதுவே. அதனால்தான் இன்றும் எந்தக் கம்பெனி செய்த வண்டியாயினும் அதை ஜீப்பென்றே அழைக்கிறோம். சந்தையில் தரகர் சொல்லும் ஜீப்பு என்னும் சொல்லுக்கும் நான்கு சக்கர இழுவைக்கும் சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். இதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

சாதாரண வண்டியில் எஞ்சினின் வலிமை இரண்டு சக்கரங்களுக்கே செல்கிறது. ஜீப்பில் கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பெட்டி உண்டு. பட்டறைகளில் அதை டிரான்ஸ்பர் கேஸ் என்பர். அதிலிருந்து ஒரு தண்டு பின் அச்சுக்கும் மற்றொன்று முன் அச்சுக்கும் செல்கின்றன. அதற்கென்று தனிக் கைப்பிடி உண்டு. பழைய ஜீப்புகளில் இரண்டு இருக்கும். சாலையில் போகையில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். சேற்றில் இறங்குமுன் கைப்பிடியை மாற்றினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. அதில் வேகம் குறைந்து இழுவை பெருகும். பழைய வில்லிஸ் வகையில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வாய்க்கால் கரை ஏறவும், சுமையோடு சேற்றில் நகரவும் பயன்படுவது இந்த மெதுநிலையே. மெதுநிலைப் பல் தேய்ந்துபோன ஜீப்பு பாதி ஜீப்பே.

இங்கே பலரும் அறியாத குறை ஒன்று உண்டு. ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கிடையே டிபரன்ஷியல் என்னும் பல்லமைப்பு இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடங்கொடுக்கிறது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். உறுதியான தரைமேல் நிற்கும் மறுசக்கரம் சும்மா நிற்கும். உழைக்கிறவனை விட்டுவிட்டு ஓடுகிறவன் பின்னால் கூலியைக் கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. எனவே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரு சக்கரங்கள் பிடிப்பற்றுப் போனால், நான்கு சக்கர இழுவை இருந்தும் வண்டி நகராது. இதைத் தடுக்க டிபரன்ஷியலைப் பூட்டும் அமைப்புச் சில வண்டிகளில் உண்டு. ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்காவில் இரண்டு அச்சுக்கும் பூட்டு உண்டு. மகிந்திராவின் தார் வண்டிகள் சிலவற்றில் பின் அச்சுக்கு உண்டு. களிமண் பூமிக்கு இது மிகப் பெரிய உதவி. விலையும் அதற்கேற்ப உயர்வு.

இனி நாம் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் யோசனை மட்டும் சொல்வது முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நால்வர் பணம் போட்டு, கடலோர ஊரொன்றில் ஒரு ஜீப்பு வாங்கினோம். பச்சை வர்ணம் பளபளத்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே தடவையில் பேசிற்று. "பட்டாளத்து வண்டி அண்ணே, இன்னும் இருபது வருஷம் கேட்காது" என்றார் தரகர். நம்முடன் வந்த பட்டறைக்காரர் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டுமென்றார். அன்று தரை ஈரமாயிருந்தது; பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. "வேட்டி பாழாகும், விடுங்கள்" என்று தடுத்தவர்கள் நாமே. நான்காம் மாதம், தேங்காய் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஏறுகையில், பின் வில்பட்டை மாட்டியிருந்த இடத்தில் அடிச்சட்டம் பிளந்து வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, துருப்பிடித்து ஓட்டையான சட்டத்தின்மேல் மெல்லிய தகடு வைத்து ஒட்டி, அதன்மேல் தார் பூசியிருந்தது தெரிந்தது. செப்பனிட்ட செலவு வாங்கிய விலையில் பாதியைத் தாண்டிற்று. அந்தப் பணம் நம் ஒருவருடையதாயிருந்தால் மனம் ஆறியிருக்கும். பங்குகொண்ட நண்பர் ஒருவர் பல மாதங்கள் நம்மோடு பேசவில்லை. அவர் பேசாததில் தவறுமில்லை.

ஆகையால் பார்க்கும் வேலையை அடியிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சின் கெட்டால் மாற்றலாம், கியர்பெட்டி கெட்டால் மாற்றலாம்; அடிச்சட்டம் அழுகிய வண்டிக்கு மருந்தில்லை. ஒரு சாக்கும் கைவிளக்கும் சிறு சுத்தியலும் கொண்டு செல்லுங்கள். சாக்கை விரித்துப் படுத்து, சட்டத்தின் நீளம் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்னும். துருவேறியதும் பட்டி வைத்து மூடியதும் பொத்தென்னும். தேங்காயைத் தட்டி முற்றலா இளசா என்று சொல்லும் நம் அங்கத்தினர்களுக்கு இந்த ஓசையை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. வில்பட்டைகள் சட்டத்தில் பொருந்தும் இடங்கள், உடற்கூடு சட்டத்தின்மேல் உட்காரும் இடங்கள், பின் குறுக்குச்சட்டம், பிரேக் எண்ணெய்க் குழாய்கள் ஆகியவற்றை இருமுறை பார்க்கவும். காலடி விரிப்பைத் தூக்கித் தளத்தையும் பாருங்கள். புதிதாகத் தார் பூசிய அடிப்பாகத்தைக் கண்டால் மகிழ வேண்டாம். ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். துணியை வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கண் நெசவாளர்களுக்கு உண்டு. அக்கண்ணோடு வர்ணத்தைப் பார்த்தால், டிங்கர் வேலை செய்து பட்டி தேய்த்த இடம் அலையலையாகத் தெரியும்.

சாலையில் மட்டும் ஓடிய கடலோர வண்டியைவிட, கடல்நீரில் இறங்கிய வண்டி பலமடங்கு கெட்டிருக்கும். படகு இழுக்கவும் மீன் ஏற்றவும் தண்ணீர் வரை ஓட்டிய வண்டிகளை நம் கரையோரங்களில் காணலாம். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அச்சின் நடுவிலுள்ள உருண்டைப் பகுதியின் எண்ணெய்த் திருகைச் சற்றே தளர்த்திச் சில துளிகளை விரலில் வாங்கிப் பாருங்கள். கறுத்த எண்ணெயாயிருந்தால் பழசு, அவ்வளவே. பால் கலந்த தேநீர் போலிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. வெள்ளித்தூள் போல மினுமினுத்தால் பற்கள் தேய்ந்து உதிர்கின்றன. விற்பவர் இதற்கு இணங்காவிட்டால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

எஞ்சினைப் பார்ப்பதற்கும் ஒரு முறையுண்டு. நீங்கள் வருவதை அறிந்து முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பார்கள். மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூடாயிருந்தால், ஆறும்வரை காத்திருங்கள். நோயுள்ள எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் தன் நோயைக் காட்டும். கிளம்பியபின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்து குபுகுபுவென்று புகை வருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. வெளிக்குழாயில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இடைவிடாத கரும்புகை, டீசல் பம்பும் இன்ஜெக்டரும் கவனிக்கப்படாததைக் காட்டும். இதன் செலவு அவ்வளவு பயப்படத்தக்கதன்று. ரேடியேட்டர் நீரின்மேல் எண்ணெய்ப்படலம் மிதந்தால் அது பெருஞ்செலவுக்கு அறிகுறி. கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விட்டுப் பாருங்கள்: எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச்சுத் தகடு வழுக்குகிறது என்று பொருள்.

நான்கு சக்கர இழுவை உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் பலர் வாங்கிவிடுகின்றனர். உடலில் ஒட்டிய முத்திரையை நம்ப வேண்டாம். அம்முத்திரை கடையில் விற்கிறது. பொலேரோ வண்டிகளில் பெரும்பாலானவை இரு சக்கர இழுவையே. 2023 ஜனவரி முதல் தார் வண்டியும் இரு சக்கர இழுவையாகவும் விற்பனைக்கு வந்தது. ஆகவே தார் என்ற பெயரே உத்தரவாதமன்று. முன் அச்சின் நடுவே உருண்டையும், அதை நோக்கிச் செல்லும் தண்டும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதே முதற்சோதனை. அடுத்து, சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். கைப்பிடி இரு சக்கர நிலையில் இருக்கும்போது அச்சக்கரம் கையால் சுழல வேண்டும். நான்கு சக்கர நிலைக்கு மாற்றியபின் சுழலக்கூடாது. மாற்றியும் சுழன்றால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. சில வண்டிகளில் முன்சக்கரத்தின் குடத்திலேயே பூட்டுத் திருகு ஒன்று உண்டு. அது பூட்டிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அதன்பின் மணலில் ஓட்டிப் பாருங்கள். மெதுநிலையில் போட்டு, ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள்; கைப்பிடி தானாகத் துள்ளி வெளியே வந்தால் உள்ளே பற்களும் தாங்கிகளும் தேய்ந்தவை. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துக்கொண்டு மணலில் மெதுவாகச் சுற்றும்போது முன்சக்கரத்தில் கடகடவென்ற ஓசை எழுந்தால் மூட்டுகள் கெட்டுவிட்டன. சாலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரங்கள் நடுங்கினால் சக்கரம் திரும்பும் குடுமித் தாங்கிகளில் ஆட்டம் இருக்கிறது. இது உயிருக்கு ஆபத்தான குறை. நான்கு டயர்களும் ஒரே அளவானவையா என்றும் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போட்டு நான்கு சக்கர நிலையில் ஓட்டிய வண்டியின் பல்லமைப்பு ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு சீக்கிரம் அழியும். தார்ச்சாலையில் நான்கு சக்கர நிலையில் ஓட்டுவதாலும் இதே கேடு நேரும். மணலில் சக்கரம் சற்றே சறுக்கி முறுக்கைத் தளர்த்திக்கொள்ளும், தாரில் சறுக்க முடியாது.

எந்த வண்டி நல்லது என்று கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். சந்தையில் அதிகம் காணப்படுவன மூன்று வகை. முதலாவது மகிந்திராவின் பழைய டீசல் ஜீப்புகள். பெஜோ எஞ்சின் பூட்டிய எம்.எம். 540 இவற்றுள் பெயர்பெற்றது. எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் கிடைப்பர். ஆனால் முன்பாரம் அதிகம். சேற்றில் மூக்கு முதலில் இறங்கும். இரண்டாவது மாருதி ஜிப்சி. 1985இல் வெளிவந்து, 1996இல் 1,298 கன செ.மீ. எஞ்சினுடன் ஜிப்சி கிங் ஆயிற்று. இராணுவம் பெருமளவில் வாங்கியதால் உதிரிப்பாகம் கிடைப்பது எளிது. ஏறத்தாழ ஒரு டன்னே எடையுள்ளது. எனவே மணலிலும் களியிலும் கனமான டீசல் வண்டி புதையும் இடத்தில் இது மிதந்து போகும். குறையென்றால், பெட்ரோல் செலவு, ஆளைத் தூக்கிப் போடும் வில்பட்டை, சுமை ஏற்றப் போதாத இடம். பெட்ரோலில் எத்தனால் இருபது சதவீதம் வரை கலக்கும் இக்காலத்தில் பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றிவிடுவதும் நல்லது. மூன்றாவது 2010இல் வந்த முதல் தார். இதில் விலை அதிகமாயினும் வயது குறைவு. கட்டுமாவடி மண்ணுக்கு நம் சொந்த அபிப்பிராயம் ஜிப்சியே. ஆனால் மூவரும் தேங்காய் ஏற்றியே தீர வேண்டுமென்று நினைப்பதால், நல்ல சட்டமுள்ள டீசல் ஜீப்பு கிடைத்தால் அதை வேண்டாமென்று சொல்லமாட்டோம்.

வண்டி எந்த ஊரில் உழைத்தது என்பது எந்தக் கம்பெனி என்பதைவிட முக்கியம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்தவர்கள், அப்பாறைப் பாதையில் அவை படும் பாட்டை அறிவர். மலையிலிருந்து வரும் வண்டியின் சட்டத்தில் உப்புத்துரு இராது. கிளச்சு, பிரேக், மெதுநிலைப் பற்கள் ஆகியவை தேய்ந்திருக்கும். கடலோர வண்டியில் நிலைமை இதற்கு நேர்மாறு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் மலைவண்டியையே எடுங்கள், தேய்ந்ததை மாற்றலாம். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டபின் வடநாட்டு வண்டிகளும் மலிவாகத் தெற்கே வரலாயின. விலை குறைவாகத் தோன்றும். தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வாழ்நாள் வரி எல்லாவற்றையும் கூட்டிய பிறகு மலிவு இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும். பஞ்சாப், அரியானாப் பக்கத்தில் பழைய பாகங்களைக் கொண்டு புதிதுபோல் கட்டி விற்கும் அழகான ஜீப்புகளை இளைஞர்கள் விரும்புகிறார்கள். பதிவில் கண்ட அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. அகன்ற சக்கரமும் உயர்ந்த உடலுமாகப் பார்வைக்கு மிடுக்காக இருக்கும் வண்டி, தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் தலைகுனிய வைக்கும்.

தஸ்தாவேஜுகளைப் பற்றி. சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வயதாக ஆகக் கட்டணமும் ஏறுகிறது. பசுமை வரியும் உண்டு. பதிவு முடிந்த வண்டியை, 'பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்' என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள். புதுப்பித்துக் கொடுத்தால் இந்த விலை, இல்லாவிட்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். சட்டத்தில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாற்றிய ஜீப்புகள் பல. மாற்றியது குற்றமன்று, பதிவில் ஏற்றாததே குற்றம். துரு தின்ற எண்ணின்மேல் புதிதாகப் பொறித்திருந்தால் விலகிவிடுங்கள். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், வங்கி கையெழுத்திட்ட 35ஆம் நமூனா கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். அரசாங்கத்தின் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், கடன் ஆகிய விவரங்கள் வீட்டிலிருந்தே தெரியும். கட்டாத அபராதங்களையும் அரசாங்கத்தின் சலான் தளத்தில் பார்க்கலாம். பட்டணத்துப் பிள்ளை ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 29, 30 நமூனாக்களில் விற்பவர் கையெழுத்திட்ட அன்றே அவற்றைப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்; பெட்டியில் வைத்துப் பூட்டினால், நாளை விபத்து நேரும்போது அவருக்கும் உங்களுக்கும் வழக்கு. சொந்த உபயோக வண்டியில் கூலிக்குச் சுமையோ ஆளோ ஏற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும் என்பதையும் மூவரும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. நான்கில் ஒரு பங்கையாவது முதல் ஆறு மாதப் பழுதுக்கென்று ஒதுக்கி வையுங்கள். வாங்கியவுடன் எல்லா எண்ணெய்களையும் மாற்றி, தாங்கிகளுக்குக் கிரீஸ் அடித்து, டயர்களைக் கவனிக்க வேண்டும். ஆழமான பற்களுள்ள சேற்று டயர் களிமண்ணுக்கு உதவும். மணலில் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவான நடுத்தர டயரே கட்டுமாவடிக்குப் பொருத்தம். மணலில் இறங்குமுன் முப்பது பவுண்டுக் காற்றைப் பதினைந்து, பதினெட்டு வரை குறைத்தால் டயர் பரந்து மணல்மேல் நிற்கும். சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்ப வேண்டும். ஆகவே ஒரு பம்பு, கயிறு, மண்வெட்டி ஆகியவை வண்டியோடே இருக்கட்டும். பலகைக்குப் பதிலாகத் தென்னை மட்டைகள் நம் தோப்பில் வேண்டுமளவு கிடக்கின்றன. சக்கரத்தடியில் நான்கு மட்டையைக் குறுக்கே செருகினால் பெரும்பாலும் ஏறிவிடும். தேங்கிய நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் முடுக்காதீர்கள்; உள்ளே புகுந்த நீர் சுருங்காதாகையால் எஞ்சினின் தண்டுகளே வளைந்துபோகும்.

கடலில் இறக்கி வண்டியைக் கழுவும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. உப்பு வண்டிக்குக் கேடு. வண்டியின் எண்ணெய் கடலுக்குக் கேடு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர்க் கடற்பரப்பு, 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்பிராணிகள் மேயும் கடற்புல் அங்கேதான் வளர்கிறது. கரையில் உலர்த்தியிருக்கும் வலைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி மீனவர்களுடன் பகை தேடிக்கொள்ளவும் வேண்டாம். சேற்றில் ஓட்டிய அன்று மாலையே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது, எந்தப் பூச்சையும்விட வண்டிக்கு ஆயுள் தரும்.

கூட்டுச் சொத்து பற்றி ஒன்று. பதிவு ஒருவர் பெயரில்தான் இருக்கப்போகிறது. ஆகவே மூவருக்கும் இடையே முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். யார் என்றைக்கு எடுத்தார், எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று, எவ்வளவு டீசல் ஊற்றினார் என்று வண்டியிலேயே ஒரு நோட்டு வைத்து எழுதிவர வேண்டும். ஒருவர் ஓட்டும்போது நேர்ந்த பழுதுக்கு அவரே பொறுப்பா, மூவருமா என்பதை வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். பழுதான பிறகு முடிவு செய்ய முடியாது.

நகையை அடகு வைக்கவிருக்கும் நண்பருக்குத் தனியாக ஒரு யோசனை. மற்ற இருவரும் தோப்புக்காக வண்டியை வாரம் முழுவதும் பயன்படுத்துவார்கள். தங்களுக்கோ நூல் எடுத்துவரவும் துணி கொண்டுபோகவும் மாதத்தில் சில நாட்களே வேண்டியிருக்கும். சமபங்கு போட வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஆறில் ஒரு பங்கு போட்டு ஆறில் ஒரு பங்கு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் நோட்டையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றால் மற்ற இருவரும் இதற்கு இணங்குவர் என்றே நம்புகிறோம். அந்தத் தொகைக்கு நகையைத் தொட வேண்டியிராது. வண்டி ஏதேனும் பார்த்து வைத்திருந்தால் எழுதவும். அடியில் படுத்துப் பார்க்க நம் பட்டறை நண்பரை அனுப்புகிறோம். இம்முறை அவரை நாம் தடுக்கமாட்டோம்.